கிராம்பிளிங் அணியின் பயண நிதிக்குக் கை கொடுங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் உள்ள கிராம்பிளிங் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி வரும் சீசனில் வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது ஆகும் சாப்பாடு, ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி தங்க அறை, ஐஸ், கணுக்காலில் சுற்றும் டேப் ஆகிய செலவுகளுக்கு எங்கள் குழு நிதி திரட்டுகிறது. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிட்டோம். ஏன் கேட்கிறோம் என்பதை இனிச் சொல்கிறோம்.

கிராம்பிளிங் லூசியானா மாநிலத்தின் வடபகுதியில் உள்ள சின்ன ஊர். அந்த வட்டாரத்துக் கறுப்பின விவசாயிகள் சங்கம் அமைத்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஒரு ஆள் வேண்டும் என்று கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனிடம் கேட்டார்கள். அவர் அனுப்பிய சார்லஸ் ஆடம்ஸ் 1901இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய பல்கலைக்கழகம். ஊர் கூடித் தேர் இழுத்தே வளர்ந்த இடம் அது.

அணியின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவர் எடி ராபின்சன். லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தவர், 1941இல் 22 வயதில் பயிற்சியாளராக வந்தார். முதல் சீசனில் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டு ஆடிய 9 ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகளால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. மைதானத்தில் புல் வெட்டுவதும் அவர்தான், கோடு போடுவதும் அவர்தான். வீரர்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றுவார், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தியும் எழுதி அனுப்புவார். வெளியூர் கிளம்பும்போது சாண்ட்விச் செய்து பொட்டலம் கட்டிக்கொள்வார்கள். வழியில் இருந்த வெள்ளையர் ஹோட்டல்களில் கறுப்பினப் பையன்களை உள்ளே விடமாட்டார்கள், அதனால்தான். 1997இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 408 வெற்றிகள். அவரிடம் பயின்ற 200க்கும் மேற்பட்டோர் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். 1988இல், தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், இரண்டாவது கால் பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் பாஸ் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துத் தரும் எறிதல்) வீசிய டக் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர்.

இத்தனை பெருமை இருந்தும் 2013 அக்டோபரில் கிராம்பிளிங் வீரர்கள், ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துடன் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு பஸ் ஏற மறுத்தார்கள். ஆடாமலேயே தோற்றதாக அறிவிக்கப்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்தின் தரை பெயர்ந்து கிடப்பது, கட்டடத்தில் பூஞ்சை பிடித்திருப்பது, தூரத்து நகரங்களான கான்சாஸ் சிட்டிக்கும் இண்டியானாபொலிஸுக்கும் பஸ்ஸிலேயே போய் வந்தது என்று தங்கள் குறைகளைக் கடிதமாக எழுதினார்கள். மாநில அரசு தரும் நிதி பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்ததன் விளைவு அது. பையன்கள் செய்தது சரியா தப்பா என்ற பேச்சு அப்போது நிறைய நடந்தது. பதினைந்து மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்து, மறுநாள் 130 கிலோ ஆளை முட்டித் தள்ளச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும் என்பது எங்கள் கட்சி.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2016இல் பிராடெரிக் ஃபாப்ஸ் பயிற்சியில் அதே அணி 11 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. அந்த ஒன்றும் அரிசோனா பல்கலைக்கழகத்துடன். பாதி நேரத்தில் முன்னிலை கிராம்பிளிங்குக்குத்தான்! டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த செலிப்ரேஷன் பவுலில் (கறுப்பினப் பல்கலைக்கழக அணிகளின் சாம்பியன்கள் மோதும் ஆட்டம்) வட கரோலினா சென்ட்ரல் அணியை 10-9 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் டச்டவுன் போட்ட சந்தோஷத்தில் எதிரணி வீரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அபராதமாக, ஸ்கோரைச் சமமாக்கக்கூடிய கூடுதல் புள்ளிக்கான உதையை 15 கெஜம் பின்னால் தள்ளி எடுக்க வேண்டியதாயிற்று. கிராம்பிளிங் அதைத் தடுத்துவிட்டது.

பெரிய பல்கலைக்கழகங்களுடன் ஆடினால் அவர்கள் பணம் தருகிறார்களே என்று கேட்பீர்கள். தருகிறார்கள். 2023இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் (எல்எஸ்யு) 10-72, 2025இல் ஒஹையோ ஸ்டேட்டிடம் 0-70 என்று வாங்கிக்கொண்டு வந்ததற்குக் கிடைத்த பணம் அது. அடி வாங்கிச் சம்பாதித்த காசு வேறு எத்தனையோ செலவுகளுக்கும் பிரிய வேண்டும். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அதை மட்டுமே நம்பியிருக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

அப்புறம், பயணம் என்றால் அணி மட்டும் இல்லை. டல்லாஸில் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்துடன் ஸ்டேட் ஃபேர் கிளாசிக், நியூ ஆர்லியன்ஸில் சதர்ன் பல்கலைக்கழகத்துடன் பேயூ கிளாசிக் என்று ஆண்டுதோறும் நடக்கும் பெரிய ஆட்டங்கள் வரும்போது பேண்டு வாத்தியக் குழுவும் கூடவே கிளம்பும். 1967இல் நடந்த முதல் சூப்பர் பவுலிலேயே வாசித்த குழு அது. பேயூ கிளாசிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேண்டுக்காகத்தான் வருகிறார்கள் என்று தோன்றும். பணம் மீந்தால் அவர்கள் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

பணத்தைக் குழு தன் கையில் வாங்காது, எந்த வீரரிடமும் தனியாகக் கொடுக்கவும் செய்யாது. நேராகப் பல்கலைக்கழக அறக்கட்டளைக்கே அனுப்புங்கள். குறிப்பில் ‘ஃபுட்பால் பயணம்’ என்று மறக்காமல் எழுதுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் பொது நிதியில் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் வரி கட்டுகிறவர்கள் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் எழுத்துப்பூர்வ ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வரிக்கழிவு கேட்க அது வேண்டும். உங்கள் கம்பெனியில் மேட்சிங் (நீங்கள் கொடுப்பதற்கு ஈடாகக் கம்பெனியும் கொடுப்பது) உண்டா என்று எச்ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல பேர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இருபது டாலர் என்றாலும் சரி, கூச்சப்படாமல் அனுப்புங்கள். முதல் வெளியூர் ஆட்டத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்யலாம். கடைசி நேரத்தில் வாடகை கூடிவிடுகிறது. சீசன் முடிந்ததும் வரவு செலவுக் கணக்கைக் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
பயண நிதிக் குழு