கடலுக்குப் பத்தடிக் கயாக் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சோழகக் காற்று ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கிவிட்டது. வெள்ளவத்தை மரைன் டிரைவில் மாலையில் நடக்கப் போனால், ரயில் பாதைக்கு அப்பால் கற்களில் நின்று தூண்டில் வீசும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், "அங்கிள், கயாக் ஒண்டு வாங்க யோசிக்கிறன், எது நல்லம்?" என்று கேட்காமல் விடுவதில்லை. கயாக் என்றால் ஒருவர் உட்கார்ந்து துடுப்பால் வலித்துப் போகும் சிறு வள்ளம். போன வாரம் மட்டும் மூன்று பேர். விலை கேட்டார்கள், நிறம் கேட்டார்கள், தூண்டில் செருகும் குழாய் எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். எத்தனை அடி நீளம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது வல்வெட்டித்துறையில். கொழும்புக்கு வந்து முப்பது வருடம். கல்கிசைக் கடற்கரையிலிருந்து கயாக்கில் மீனுக்குப் போகத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது.

இந்த ஆண்டு தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கையின் மகனுக்கு இருபத்தாறு வயது, ஆள் 92 கிலோ. கொழும்பில் ஒரு கடையில் 10 அடிக் கயாக் ஒன்றை வாங்கி வந்தான். குளத்துக்கும் கடலுக்கும் இதுவே போதும், கட்டையாக இருந்தால் திருப்புவது லேசு என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். பொல்கொடை ஏரியில் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தான். நன்றாகவே ஓடியது. மூன்றாம் தரம் என்னோடு கல்கிசைக்கு வந்தான். அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

விடிய ஐந்தே முக்காலுக்கு இறங்கினோம். மார்கழி, தை மாதங்களில் இந்தக் கரையில் காலைக் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குத்தான் வீசும். முதுகில் தள்ளுகிற காற்று, வெளியே போவது சுகம். கல்கிசை ஹோட்டல் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துத் தெரியும் தூரத்துக்கு, ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும், அரை மணியில் போய்விட்டோம். அவனுக்கு இரண்டு பாரை விழுந்தது. எட்டு மணிக்குத் திரும்பலாம் என்றேன்.

என்னுடையது 13 அடி. காற்றை எதிர்த்து மெதுவாகவாவது முன்னேறினேன். திரும்பிப் பார்த்தால் அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கிட்டப் போனேன். சவளை (துடுப்பை) வலித்த ஒவ்வொரு தரமும் அணியம், அதாவது முன்முனை, ஒரு பக்கம் ஓடியது. அடுத்த தரம் வலித்தது அதை நேராக்கவே போனது. வந்த சிற்றலை ஒவ்வொன்றும் அகன்ற முன்பக்கத்தில் பளாரென்று அறைந்து அவனை நிறுத்தியது. இருக்கைக்குக் கீழே தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகள் வழியாகக் கடல் மேலே வந்துகொண்டிருந்தது. பிள்ளை தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தான். பாரை இரண்டும் அவன் காலடியில் மிதந்தன.

"மாமா, கை ஏலாமக் கிடக்கு" என்றான்.

"கயிற்றைக் கட்டு, நான் இழுக்கிறன். நீயும் நிப்பாட்டாமல் சவள் போடு."

கரை சேர ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இருவரும் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தோம், என்னிடம் இழுவைக் கயிறும் இருந்தது. அவன் தனியே போயிருந்தால் என்ன என்பதை நினைக்க இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. அன்று முழுக்கத் தங்கைக்குத் தொலைபேசி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையின் கையில் பலம் இல்லாததால் இது நடக்கவில்லை. தண்ணீரில் அமரும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அந்த வள்ளம் அளவான முயற்சியில் எட்டக்கூடிய உச்ச வேகம் மணிக்கு இத்தனை கடல்மைல் என்று வரும். கப்பல் கட்டுபவர்களின் பழைய கணக்கு இது. 10 அடிக்கு 4.2, 14 அடிக்கு 5. கையால் வலிப்பவர் நாள் முழுக்க அந்த உச்சத்தில் போகப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உச்சத்தை நெருங்க நெருங்க வள்ளம் தான் எழுப்பும் அலையையே ஏறிக் கடக்க வேண்டியிருக்கும். கட்டை வள்ளத்தில் அந்தச் சிரமம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. எதிர்க்காற்றில், களைத்த கையோடு, அந்தக் கொஞ்ச வித்தியாசம்தான் கரைக்கு வருவதா நடுவில் நிற்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. நீண்ட உடல் நேராகவும் ஓடும், சிற்றலையை வெட்டிக்கொண்டும் போகும். கட்டை உடல் ஒவ்வோர் அலையிலும் ஏறி இறங்கும்.

நிறையையும் சொல்ல வேண்டும். அவனுடைய கயாக்கில் ஒட்டியிருந்த தாளில் 125 கிலோ தாங்கும் என்று இருந்தது. ஆள் 92. ஐஸ் பெட்டி, குடிதண்ணீர், நங்கூரம், தூண்டில் எல்லாம் சேர்ந்து 16. மொத்தம் 108 என்றால் இன்னும் இடமிருப்பதாகத்தானே தோன்றும்? ஆனால் அந்த எண் மிதப்பதற்கான எல்லை. கடலில் ஓட்ட வேண்டுமானால் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது என் கணக்கு. 125க்கு அது 83. அவன் உடம்பு மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. 13 அடியில் 180 கிலோவும் அதற்கு மேலும் தாங்குபவை கிடைக்கின்றன.

நீர்கொழும்பு மீனவர்களின் 'ஓரு' என்னும் ஒடுங்கிய வள்ளத்தைக் கிட்ட நின்று பார்த்திருப்பீர்கள். அதன் உடலுக்குள் இரண்டு காலையும் சேர்த்து வைக்கவே நெருக்கடி. ஆனால் என்ன நீளம்! புரளாமலிருக்கப் பக்கத்தில் மிதவைக் கட்டை. அந்த மீனவர்கள் உடலை அகலமாக்கி உறுதி தேடவில்லை. கயாக்கில் பக்க மிதவை இல்லையென்பதால் கொஞ்சம் அகலம் வேண்டும், 29 முதல் 31 அங்குலம் போதும். 34, 36 அங்குலம் என்று விற்பவை குளத்தில் எழுந்து நின்று வீசுபவர்களுக்கானவை.

ஆகவே கொழும்புக் கடலுக்கு 12 முதல் 14 அடி. மெலிந்த ஆளுக்கு 12 சரி. எண்பது கிலோவைத் தாண்டியவர் 13க்குக் கீழே பார்க்க வேண்டாம். இன்னும் நீளமாக, 16 அடியில் வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தூண்டில் இரையை நீரில் இழுத்தபடி நெடுந்தூரம் போவோருக்கு அது அருமை. ஆனால் கல்கிசையில் கரையோரம் அலை உடைகிறது. திரும்பி வரும்போது நீண்ட கயாக் அலைக்குக் குறுக்கே சரிந்தால் நிமிர்த்துவது கடினம். வீட்டிலே வைக்க இடமும் வேண்டும். எங்கள் மாடிவீட்டு லிப்டில் என் 13 அடியே ஏறாது, வாகனத் தரிப்பிடத்துச் சுவரில்தான் தொங்குகிறது. நிறை முப்பது கிலோவைத் தாண்டும், மணலில் இழுக்க இரண்டு சில்லு வண்டி வைத்திருக்கிறேன்.

நீளமானது இருக்கிறதென்று எந்தக் காற்றிலும் இறங்கவும் கூடாது. வளிமண்டலவியல் திணைக்களம் "புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான கடற்பரப்பு" என்று அறிவிக்கும் காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டினால் நான் வீட்டில்தான்.

விற்பவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் நீளம், அகலம், தாங்கும் நிறை மூன்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இது குளத்துக்கு, இது கடலுக்கு என்று பிரித்துத் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் உங்கள் வார்த்தையை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் 10 அடியிலும் பிறகு 13 அடியிலும் ஏறி, கரையோரமாகவே, காற்றை எதிர்த்து இருநூறு மீற்றர் வலித்துப் பாருங்கள். சனிக்கிழமை விடிய நான் கல்கிசை மணலில் நிற்பேன், என்னுடையதைக் கேட்டால் தருவேன். மருமகனும் இப்போது 13 அடிதான் வைத்திருக்கிறான். அந்தப் பத்தடியைப் பொல்கொடையில் என் நண்பரின் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அங்கே அது நல்ல கயாக்.

இப்படிக்கு,
கயாக்கில் மீன்பிடிக்கும் வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06