சரவணா, அந்த க்ளூ கன்னை முதலில் எடுத்து உள்ளே வை

அன்புள்ள சரவணா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேஜை மேல், தட்டையான மண்டையைச் சரிசெய்ய மித்ரா பாப்பாவுக்கு டாக்டர் போடச் சொன்ன வெள்ளை ஹெல்மெட், பக்கத்தில் க்ளூ கன், ஒரு டப்பா நிறையக் கண்ணாடிக் கல், தங்க நிற ஸ்ப்ரே பெயின்ட், பட்டன் பேட்டரி போட்ட இரண்டு குட்டி விளக்கு. "சனிக்கிழமை வேலை ஆரம்பம் அக்கா" என்று கீழே எழுதியிருந்தாய். உன் கைவேலை எனக்குத் தெரியாதா? கொலுவுக்கு நீ தெர்மாகோலில் செய்த கோபுரத்தை அம்மா இன்னும் பரணில் துணி சுற்றி வைத்திருக்கிறார். அலங்காரமே வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, கண்டிப்பாகச் செய். ஆனால் அந்தப் படத்தில் இருந்த பொருள் ஒன்றுகூட அந்த ஹெல்மெட்டில் ஏறக்கூடாது. ஏன் என்று ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மித்ரா அழுவாள், நீ ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

என் பையன் நகுலுக்கு இதே மாதிரி ஹெல்மெட் போட்ட முதல் வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே நியூ ஜெர்சியில், எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனால், கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் "குழந்தைக்கு அடிபட்டதா?" என்பார், அடுத்த வரிசையில் இன்னொருவர் "தலையில் ஆபரேஷனா?" என்பார். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லிவிட்டு காரில் ஏறி உட்காரும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். யானை ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு அதே கடையில், அதே ஆட்கள், "அட, யானை வந்திருக்கே" என்று அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். நகுலுக்கு இரண்டும் ஒன்றுதான், அவனுக்குத் தெரியப்போவதில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது. உனக்கும் ரேவதிக்கும் அது தேவைப்படும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேவதியிடம் இன்னொன்றும் சொல். தன்னால்தான் பாப்பாவின் தலை ஒரு பக்கம் தட்டையானது என்று அவள் என்னிடம் அழுதாள். 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, குழந்தைகளைக் குப்புறப் போடாதீர்கள் என்று சொன்னது. 1994-ல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரமே நடந்தது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது அதன்பிறகு பாதிக்கும் கீழே குறைந்தது. கூடவே பின்மண்டை தட்டையாவது அதிகமானது. மல்லாக்கப் போட்டது சரியான காரியம், அதை இப்போதும் விடக்கூடாது. மித்ராவுக்குக் கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுக்கமாக இருந்ததால் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறாள். அம்மா வீடியோ காலில் "எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையை உருட்டிவிட்டிருந்தால் சரியாகியிருக்கும்" என்று சொன்னால் சொல்லட்டும், அன்பினால் சொல்வது. கையால் மண்டையை அழுத்துகிற வேலை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

இணையத்தில் நெதர்லாந்து ஆய்வைப் படித்துவிட்டு ராத்திரி மூன்று மணிக்கு எனக்கு அனுப்பியிருந்தாயே, 2014-ல் வந்தது, 84 குழந்தைகள், ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று. நானும் அன்று படித்துக் குழம்பியவள்தான். கழுத்துத் தசை இறுக்கம் உள்ள குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, மிகக் கடுமையாகத் தட்டையானவர்களையும் சேர்க்கவில்லை. உங்கள் டாக்டர் மித்ராவைத் தொட்டுப் பார்த்து, மண்டையோட்டு இணைப்புகள் முன்கூட்டியே மூடவில்லை என்பதையும் உறுதி செய்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தார். முடிவெடுத்தாகிவிட்டது. இனி அதை ஒழுங்காகப் போடுவதைப் பார்ப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. நாளுக்கு 23 மணி நேரம் தலையில், ஒரு மணி நேரம் வெளியே. அந்த ஒரு மணிக்குள் பாப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும், தலை காய வேண்டும், தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உள்ளே இருக்கிற ஃபோமை ரப்பிங் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், அது முழுக்கக் காய்ந்து வாடை போக வேண்டும். பெயின்ட் எப்போது காயும்? தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருப்பது வேறு, உண்மையிலேயே இறுகுவது வேறு. பெயின்ட் மேல் பூசுகிற மாட் பாட்ஜ் முழுதாக இறுக நான்கு வாரம் ஆகும் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. நான் இதெல்லாம் தெரியாமல் இரண்டாவது வாரம் ஹெல்மெட்டைச் சுற்றி நீலத்தில் ஒரு கரை போட்டேன், அழகாகத்தான் இருந்தது, காலையில் தொட்டில் விரிப்பில் பாதி நீலம் ஒட்டியிருந்தது. அடுத்த நாள் உள்ளே துடைத்தபோது ஆல்கஹால் ஓரம் வழியாக வழிந்தது, அது பட்ட இடமெல்லாம் அக்ரிலிக் இளகிப் பிசுபிசுத்து அவன் காது மடல்வரை நீலக் கோடு. தினமும் ஆல்கஹாலால் துடைத்தே ஆகவேண்டிய ஒரு பொருளில் ஆல்கஹாலில் கரைகிற பெயின்டைப் பூசியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. இங்கே ஹெல்மெட்டில் ஓவியம் வரைவதையே தொழிலாக வைத்திருக்கும் ஓவியர்கள் இருக்கிறார்கள், மிக அழகாகச் செய்கிறார்கள். உனக்கும் அப்படித்தான் வேண்டும் என்றால் எவ்வளவு நேரம் கழற்றி வைக்கலாம் என்று, ஹெல்மெட்டை அளவெடுத்துப் பொருத்துகிற உங்கள் ஆர்த்தோட்டிஸ்ட்டைக் கேள், அவர் சரி என்றால் செய். அந்த நேரத்தை நீயாக எடுத்துக்கொள்ளாதே. ஐந்து மாதக் குழந்தைக்குத் தலை சுற்றளவு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது, அந்த வளர்ச்சியை வைத்துத்தான் ஹெல்மெட் வேலையே செய்கிறது. புடைத்த பக்கம் ஒட்டி நிற்கும், தட்டையான பக்கம் இடம் விட்டிருக்கும், தலை அந்த இடத்துக்குள் வளரும். அழுத்தி நசுக்குவது இல்லை.

அதனால்தான் க்ளூ கன்னைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. நகுலின் ஹெல்மெட் பிளாஸ்டிக்கைச் சூட்டில் இளக்கி வார்த்தது. சூட்டில் வடிவம் எடுத்தது சூட்டில் வடிவம் மாறும். க்ளூ கன்னிலிருந்து வரும் பசை 120 டிகிரியிலிருந்து 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். உள்ளே சில மில்லிமீட்டர் இடத்தை நம்பி நடக்கிற வைத்தியத்தில் அந்தச் சூட்டை வைக்கலாமா? ஸ்டிக்கர் வளைவில் சுருக்கமில்லாமல் படிய ஹேர் டிரையர் காட்டச் சொல்லும் வீடியோக்களையும் பார்த்திருப்பாய், அதுவும் வேண்டாம். டெக்ஸாஸ் வெயிலில் காரில் ஹெல்மெட்டை வைத்துவிட்டும் இறங்காதே. ஸ்ப்ரே பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கையும் ஃபோமையும் கெடுக்கும், வாடை ஃபோமுக்குள் ஏறிவிட்டால் அந்த வாடையைச் சுவாசித்துக்கொண்டுதான் பாப்பா நாள் முழுக்க இருப்பாள்.

கல். இதை எழுத எனக்கு இன்னும் கை நடுங்குகிறது, அதனாலேயே எழுதுகிறேன். நகுலை முதன்முறை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கூட்டிப்போன அன்று, ஹெல்மெட்டின் முன்பக்கம் ஆறு கல் பொட்டு வரிசையாக ஒட்டினேன். ஒட்டும் பொட்டுதானே, என் நெற்றியில் தினமும் இருப்பதுதானே என்று நினைத்தேன். சாயங்காலம் கழற்றும்போது ஐந்துதான் இருந்தது. காரில், சால்வையில், டயப்பர் பையில் எல்லாம் தேடினோம். கடைசியில் அவன் கன்னத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருந்ததை விரலால் எடுத்தேன். மூச்சுக்குழாய்க்குப் போகவில்லை, அவ்வளவுதான். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மையைச் சோதிக்க இங்கே ஒரு குட்டி உருளை வைத்திருக்கிறார்கள், வாய் 3.2 சென்டிமீட்டர் அகலம், அதற்குள் முழுக்க அடங்குகிற எதுவும் அந்த வயதுப் பொம்மையில் இருக்கக்கூடாது. உன் டப்பாவில் இருக்கிற கல் அத்தனையும் அதற்குள் அடங்கும். பட்டன் பேட்டரி இன்னும் மோசம், விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையைப் பொசுக்கிவிடும். அந்த விளக்கை ஹெல்மெட்டில் மட்டுமில்லை, மித்ரா இருக்கிற அறையிலேயே வைக்காதே. ஜிகினாவும் வேண்டாம். உதிர்ந்தால் முதலில் போவது கண்ணுக்குள்தான்.

அப்படியானால் மிச்சம் என்ன என்று கேட்பாய். வினைல் ஸ்டிக்கர். மெல்லியது, தட்டையானது, வெளிப்பக்கம் மட்டும் இருப்பது, பிடிக்கவில்லை என்றால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று மெதுவாகக் கூட்டச் சொல்லியிருப்பார்கள் அல்லவா, அது முழு 23 மணிக்கு வந்து நிற்கட்டும். முதல் வாரம் வியர்வை ஆறாக ஓடும், சிவப்பு வரும். கழற்றி ஒரு மணி நேரத்தில் மறையாத சிவப்பு என்றால் அவர்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் ஓரத்தை ராவி எடுப்பார்கள். நீ ஒட்டியதெல்லாம் அந்த ராவலில் போகும். முதல் அட்ஜஸ்ட்மென்ட் முடிந்து வந்த பிறகு ஆரம்பி. அன்றைக்கே ஆர்த்தோட்டிஸ்ட்டிடம், எங்கெல்லாம் ஒட்டலாம், எதை மூடக்கூடாது, ஸ்டிக்கர் ஒட்டினால் வாரன்ட்டிக்குப் பாதிப்பு உண்டா என்று கேட்டுவிடு.

மித்ரா கையில் இல்லாத நேரமாகப் பார்த்து, ரேவதி அவளைக் குளிப்பாட்டும்போது செய். வெளிப்பக்கத்தை மட்டும் ரப்பிங் ஆல்கஹால் தொட்ட துணியால் துடை, விரல் எண்ணெய் போனால்தான் ஸ்டிக்கர் பிடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, அது பெயின்ட்டுக்குத்தான். ஓரங்களிலிருந்தும் காது வெட்டிலிருந்தும் ஒரு சென்டிமீட்டராவது விடு, பின்னால் அவர் ராவும் இடம் அது, மித்ராவின் நகம் போகும் இடமும் அதுதான். காற்றுத் துளையை மூடாதே, வெல்க்ரோ பட்டையில் எதுவும் ஒட்டாதே. உள்ளே ஒன்றுமே கூடாது, ஒரு பெயர் ஸ்டிக்கர்கூட.

உருவத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் உன் கைத்திறமை வேண்டும். பெரிய படமாக ஒன்றை எடுத்து வளைவில் போட்டால் சுருக்கம் விழும், சுருக்கத்தில் நகம் மாட்டும். ரொம்பச் சின்னதாக வெட்டினால் கல் மாதிரியே வாய்க்குள் போகும். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம் எனக்குச் சரியாக இருந்தது. நான் முதலில் கோலம் வெட்ட ஆசைப்பட்டேன், அந்த மெல்லிய கோடுகள் மூன்றாம் நாளே நுனி தூக்கிக்கொண்டன. மாங்காய் உருவம் மண்டை வளைவோடு தானாகவே படுத்துக்கொள்ளும், புடவைக் கரை மாங்காய் மாதிரி நான்கைந்து வரிசையாகப் போட்டுப் பார், எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா. கூர் முனை எதையும் விடாதே, எல்லா மூலையையும் உருட்டி வெட்டு. முனைதான் முதலில் உரியும். வெட்டுவதெல்லாம் தாளில் இருக்கும்போதே கத்தரிக்கோலால் முடித்துவிடு. ஹெல்மெட்டில் ஒட்டிய பிறகு பிளேடு போட்டால் ஓட்டில் கீறல் விழும். நடுவில் இருந்து வெளியே பெருவிரலால் தேய்த்துக்கொண்டே வா, காற்றுக் குமிழ் நிற்காது.

அப்புறம் தினமும் துடைக்கும்போது ஒரு விரலை ஓரமெல்லாம் ஓட்டிப் பார். எங்காவது தூக்கியிருந்தால் அமுக்கிவிட்டு நம்பாதே, அந்த ஸ்டிக்கரையே எடுத்துவிடு. மெல்லிய வினைலும் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். டே கேரில் சேர்த்த பிறகு இன்னும் கவனம், பக்கத்துக் குழந்தை வந்து ஹெல்மெட்டைக் கடிக்கும், பல் முளைக்கிற வயசில் எதைத்தான் கடிக்காது. டே கேர் ஆளிடம் ஸ்டிக்கர் எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிடு. நான் நகுலுடையதில் ஏழு யானை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

அம்மா திருஷ்டிப் பொட்டு கேட்கிறார் என்றாயே. நெற்றியில் மை வைத்தால் ஹெல்மெட் ஃபோமில் ஈஷும், கன்னத்தில் வைத்தால் பட்டையில் ஈஷும். கறுப்பு வினைலில் அரை டாலர் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நான்கு சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டு. ஹெல்மெட்டின் இடது பக்கம், காது வெட்டுக்கு மேலே, ஓரத்தில் இருந்து தள்ளி ஒட்டு. நகுலுக்கும் அங்கேதான் ஒட்டினேன், அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு "இப்போ சரி" என்றார்.

மஞ்சள், குங்குமச் சிவப்பு, கறுப்பு என்று மூன்று வினைல் தாள் இன்று தபாலில் போட்டிருக்கிறேன், செவ்வாய் புதனில் வந்துவிடும். முதல் அட்ஜஸ்ட்மென்ட் தேதி என்று என்பதை மட்டும் எனக்கு எழுது.

உன் அக்கா