மனநலப் பேரணிக்குப் பனியன் வழங்கும் ஆலை நிர்வாகிகளுக்கு

கப்பலூரிலும் மதுரையைச் சுற்றியும் தொழில் நடத்தும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

அக்டோபர் 10, உலக மனநல நாளையொட்டி நடக்கும் விழிப்புணர்வுப் பேரணிகளுக்குப் பனியனும் மோரும் வழங்கி, பதாகையில் நிறுவனத்தின் பெயரையும் போட்டுக்கொள்ளும் உங்களிடம், இது அக்கறையா விளம்பரமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் பெரிய ஆர்வம் இல்லை. விளம்பரத்துக்காக அச்சடித்த துண்டறிக்கையிலிருந்தே ஒருவர் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-ஐத் தெரிந்துகொண்டு அழைத்தாலும் நல்லதுதான். வெளியே சொல்லாமல் மூடி வைத்ததன் விலை என்னவென்று, 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தபோது தென்மாவட்டத்துக்காரர்கள் நாம் பார்த்துவிட்டோம்.

என் தம்பி மாதந்தோறும் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டியவன். சீட்டுப் போட்டு, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்ப அரை நாளாவது வேண்டும். அதற்கான விடுப்புக் கடிதங்களில் அவன் இதுவரை வயிற்றுப்போக்கு, பல்வலி, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்றுதான் எழுதி வருகிறான். (உங்கள் வம்சத்தில் மட்டும் இத்தனை காதா என்று மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்டாராம்.) உண்மையை எழுதச் சொல்லி அவனை வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அதே ஆலையில் உண்மையைச் சொன்ன இன்னொருவரை, அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பாதுகாப்பு என்ற பெயரில் இயந்திரத்திலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள், அதோடு அவருக்கு ஓவர்டைம் பணமும் நின்றுபோயிற்று. அந்த ஆலையின் பெயரும் பதாகையில் இருந்தது.

உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. நீங்கள் எடுத்திருக்கும் குழுக் காப்பீட்டில் அது சேர்ந்திருக்கிறதா, தொடர்ந்து மாத்திரை எடுப்பவரின் விடுப்பு எந்தக் கணக்கில் சேரும், மருத்துவர் தகுதிச் சான்று தந்த பிறகும் ஒருவரை வேறு வேலைக்கு மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, அவருடைய நோய் விவரம் யார் யார் கண்ணில் படும் என்பதையெல்லாம் தமிழில் எழுதி, வருகைப் பதிவு செய்யும் இடத்தில் ஒட்டுங்கள். பேச்சாளரை வரவழைப்பதைவிட இதற்குச் செலவு குறைவு, சங்கடம்தான் கூடுதல்.

ஒட்டுவதற்கு முன் அதை மனநல மருத்துவர் ஒருவரிடமும் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரிடமும் காட்டிவிடுங்கள். மனிதவளப் பிரிவு மட்டும் உட்கார்ந்து எழுதினால், அது நாளைக்கு வழக்கு வந்தால் காட்டுவதற்கான தாளாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தொழிலாளியின் அண்ணன், மதுரை