பசுமை வளாகத் திட்டங்கள் ஆய்வகத்துக்குள்ளும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகப் பல்கலைக்கழகங்களின் பசுமை வளாக முயற்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சூரிய மின்தகடுகள், மழைநீர் சேகரிப்பு, மரக்கன்றுகள், எல்இடி விளக்குகள் என அதில் குறிப்பிடப்பட்டவை எல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆனால் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கிட்டால் வளாகத்தில் மின்சாரத்தையும் நீரையும் பிளாஸ்டிக்கையும் மிகுதியாகச் செலவிடும் இடமான ஆய்வகங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இதைக் கட்டுரையாளரின் குறை என்று சொல்ல மாட்டேன். கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் மதிப்பீட்டுக்காக நடத்தப்படும் பசுமைத் தணிக்கைகளே பெரும்பாலும் ஆய்வக வாசலோடு நின்றுவிடுகின்றன. உயிர்வேதியியல் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஆய்வகங்களுக்கென்றே தனியாக ஒரு வளங்குன்றாத் திட்டத்தை நம் பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும் என்றும், அது மின்அளவியிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் வலியுறுத்த விரும்புகிறேன்.

மின்அளவியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் வேலை செய்பவர் எவரும் மின்கட்டண ரசீதைக் கண்ணால் பார்ப்பதில்லை. கருவி வாங்கும் பணம் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து வருகிறது. அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டும் செலவைப் பல்கலைக்கழக நிதிப்பிரிவு ஏற்கிறது. வளாகம் முழுவதற்கும் ஒரே உயரழுத்த மின் இணைப்பும் ஒரே ரசீதும் இருக்கும் இடங்களில், எந்தத் துறை எவ்வளவு செலவழிக்கிறது என்று துறைத் தலைவருக்கும் தெரியாது, பதிவாளருக்கும் தெரியாது. இந்த நிலையில் ‘மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துக’ என்று சுற்றறிக்கை அனுப்புவதால், வராந்தா விளக்குகள் அணையலாமே தவிர, வேறொன்றும் மாறாது.

ஆய்வு மாதிரிகளை உறையவைத்துப் பாதுகாக்கும் மைனஸ் 80 டிகிரி டீப் ஃப்ரீசரையே எடுத்துக்கொள்வோம். சற்றுப் பழைய பெட்டி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 யூனிட் மின்சாரம் எடுக்கும்; ஆண்டுக்கு 7,300 யூனிட். நம் ஊர் வெப்பத்தில், காற்றோட்டம் இல்லாத அறையில், சுவரோடு ஒட்டி நிற்கும் பெட்டியாக இருந்தால் இன்னும் கூடும். அது வெளியே தள்ளும் வெப்பத்தால் அறை சூடாகிறது, அறை சூடாவதால் அதன் கம்பிரசர் ஓய்வின்றி ஓடுகிறது, அதைத் தணிக்க அறைக்கு இரவும் பகலும் ஏசி ஓடுகிறது. கதவைத் திறந்து பார்த்தாலோ விரலளவு உறைபனி படிந்திருக்கும். அட்டைப் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். குப்பிகளின் மேல் பேனாவால் எழுதிய எழுத்து அழிந்து, தேதி மட்டும் அரைகுறையாகத் தெரியும். அவற்றை வைத்த ஆய்வு மாணவர் பட்டம் வாங்கி எப்போதோ போயிருப்பார். உள்ளே இருப்பது என்னவென்று நெறியாளருக்கும் உறுதியாகத் தெரியாது, தூக்கிப்போடவும் மனம் வராது. ஆகவே அடுத்த ஆய்வுத் திட்டத்தில் இன்னொரு ஃப்ரீசர் கேட்கப்படும்.

இதற்குச் செய்ய வேண்டியவை செலவில்லாத வேலைகள்தாம். பெட்டிக்குள் எந்தத் தட்டில் யாருடைய மாதிரி இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைப்பது, பட்டம் பெற்று வெளியேறும் மாணவர் தம் மாதிரிகளை ஒப்படைத்துவிட்டோ அழித்துவிட்டோ கையெழுத்திட்ட பிறகே ‘நிலுவை இல்லை’ சான்று தருவது, உறைபனியை அவ்வப்போது நீக்குவது, கதவின் ரப்பர் பட்டையைச் சரிபார்ப்பது ஆகியவற்றை எந்தத் துறையும் நாளையே தொடங்கலாம். இவற்றோடு, வெப்பநிலையை மைனஸ் 80இலிருந்து மைனஸ் 70க்கு மாற்றினால் ஏறக்குறைய 30 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் போல்டர் வளாகத்தில் நடத்திவரும் பசுமை ஆய்வகத் திட்டம் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்துவதோடு, எந்தெந்த மாதிரிகள் மைனஸ் 70இல் பாதுகாப்பாக இருந்துள்ளன என்ற பட்டியலையும் தொகுத்து வைத்திருக்கிறது. மாதிரி கெட்டுவிடுமோ என்ற அச்சம் ஆய்வாளருக்கு இயல்பானது. அதற்கு மற்ற ஆய்வகங்களின் அனுபவத்தைப் பதிலாக வைத்திருப்பது அத்திட்டத்தின் நல்ல அம்சம்.

வெளிநாட்டு முன்மாதிரிகளில் இன்னும் சிலவற்றை நாம் அறிந்திருப்பது நல்லது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவான ‘லீஃப்’ என்ற முறை, ஆய்வகங்கள் தாங்களே நிரப்பும் ஒரு படிவத்தின் அடிப்படையில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிநிலைச் சான்று வழங்குகிறது. ஹார்வர்டில், வேதிப்பொருள்களின் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ‘ஃபியூம் ஹுட்’ என்ற அறையின் கண்ணாடிக் கதவை வேலை முடிந்ததும் இறக்கி மூடுவதற்கென ஆய்வகங்களுக்கிடையே போட்டியே நடத்தினார்கள். ஆனால் இந்தப் பட்டியல்களை அப்படியே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. அங்கே கட்டடம் முழுவதும் சூடேற்றப்பட்ட, அல்லது குளிரூட்டப்பட்ட காற்று ஃபியூம் ஹுட் வழியாக வீணாவதால் அது பெரிய செலவு. ஜன்னலும் மின்விசிறியுமாக இயங்கும் நம் வேதியியல் ஆய்வகங்கள் பலவற்றில் நிலைமை வேறு. இங்கே முதலில் கவலைப்பட வேண்டியது தண்ணீரைப் பற்றி.

கண்ணாடிக் குடுவைகளில் நீரைக் காய்ச்சி வடிக்கும் அமைப்பு நம் கல்லூரிகளில் பரவலாக உள்ளது. நீராவியைக் குளிர்விப்பதற்காகக் குழாய்நீர் கண்டென்சர் வழியே ஓடி நேராகத் தொட்டிக்குள் விழுந்து சாக்கடைக்குப் போகிறது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர் பெறுவதற்குள் பத்து லிட்டருக்கும் மேற்பட்ட குழாய்நீர் இப்படி வெளியேறுகிறது. எதனோடும் கலக்காத, சற்றுச் சூடான, முற்றிலும் நல்ல நீர் அது. 2019இல் சென்னை ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததைக் கண்ட மாநிலத்தில் இது தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ரப்பர் குழாயும் ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் இருந்தால் அந்நீரைப் பிடித்துக் கண்ணாடிக் கலன்களைக் கழுவவும் தோட்டத்துக்கு விடவும் முடியும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் சற்று நிதானம் தேவை. உலக உயிரியல், மருத்துவ, வேளாண் ஆய்வகங்கள் 2014இல் ஏறத்தாழ 55 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவை உண்டாக்கியிருக்கலாம் என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு, 2015இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதற்காகச் செல் வளர்ப்புக்குத் தேவையான நுண்ணுயிர் நீக்கிய பிளாஸ்டிக் கலன்களைத் தடைசெய்யச் சொல்வது தவறு. கண்ணாடியால் ஆகக்கூடிய வேலைக்குக் கண்ணாடியைப் பயன்படுத்தினாலே போதும். பிப்பெட் முனைகள் அடுக்கி வரும் ஆபத்தில்லாத டிப் பெட்டிகளையும் உயிரியல் கழிவோடு சேர்த்துச் சிவப்புப் பையில் போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய விரயம், பலர் பேசத் தயங்கும் ஒன்று: மார்ச் மாதக் கொள்முதல். மார்ச் 31க்குள் செலவழிக்காத நிதி கைவிட்டுப் போய்விடும் என்பதால், நூறு மில்லி தேவைப்படும் இடத்தில் இரண்டரை லிட்டர் கரைப்பான் வாங்கப்படுகிறது. பக்கத்து அறை அலமாரியில் அதே வேதிப்பொருள் முத்திரை உடையாமல் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. சில ஆண்டுகளில் இரண்டும் காலாவதியாகி, அபாயகரக் கழிவாக மாறுகின்றன; அவற்றை அப்புறப்படுத்துவதற்கு ஒரு தனி ஆய்வகத்திடம் பணமும் இல்லை, வழியும் இல்லை. துறைகளுக்குப் பொதுவான வேதிப்பொருள் இருப்புப் பட்டியலும், கழிவுக் கரைப்பான்களை ஹாலோஜன் (குளோரின் போன்ற தனிமங்கள்) உள்ளவை, இல்லாதவை எனப் பிரித்துச் சேகரிக்கும் மையக் கிடங்கும் இருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். கருவிகளைப் பகிர்ந்துகொள்ள 2020 முதல் ஐ-ஸ்டெம் இணையதளம் இருக்கும்போது, ஒரே வளாகத்துக்குள் பாட்டில்களைப் பகிர்ந்துகொள்ள முடியாதா?

இத்திட்டத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பேராசிரியர்கள் மட்டுமே அமரும் குழு ஆண்டுக்கு இருமுறை கூடிக் கலையும். எந்த உலர் அடுப்பு வெள்ளிக்கிழமை மாலை அணைக்கப்படாமல் திங்கள்வரை ஓடுகிறது, நீராவியால் நுண்ணுயிர் நீக்கும் எந்த ஆட்டோகிளேவ் ஒரே ஒரு குடுவைக்காக ஓட்டப்படுகிறது என்று ஆய்வக உதவியாளருக்குத்தான் தெரியும். அவரையும் ஆய்வு மாணவர்களையும் உறுப்பினர்களாக்கி, அவர்கள் சொல்வதைச் செயல்படுத்தச் சிறு தொகையை ஆட்சிக்குழு ஒதுக்க வேண்டும். முதல் ஆண்டில் விருப்பத்துடன் முன்வரும் சில ஆய்வகங்களோடு தொடங்கினால் போதும். அவற்றில் மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்த ஆய்வகத்துக்கே திருப்பித் தந்தால் மற்றவர்கள் தாமாகவே வருவார்கள்.

நிதி தரும் அமைப்புகளும் கேட்கத் தொடங்க வேண்டும். பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளை, தன்னிடம் நிதி பெறும் ஆய்வகங்கள் லீஃப் போன்ற சான்று பெற வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் உடனே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஃப்ரீசருக்கோ பெரிய கருவிக்கோ நிதி கேட்கும் விண்ணப்பத்தில், அதன் ஆண்டு மின்செலவு எவ்வளவு, ஏற்கெனவே உள்ளதைப் பகிர முடியாதது ஏன் என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்தால் இப்போதைக்குப் போதும்.

அதற்கு முன்னதாக, துணைவேந்தர்கள் தங்கள் அதிகாரத்திலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒவ்வோர் அறிவியல் துறைக்கும் தனி மின்அளவி பொருத்த நிதி ஒதுக்கி, மாதந்தோறும் அதன் கணக்கைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி ஆணையிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.