ஜோப் திரும்பி வந்திருக்க வேண்டாம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் கண்தான் காரணம், சோம்பல் இல்லை. சரி, கொஞ்சம் சோம்பலும்தான். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். மேலே பார்த்தால் தூரம், கீழே பார்த்தால் எழுத்து, நடுவில் பார்த்தால் தலைசுற்றல். மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன் என்று எழுதியிருந்தாய், நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். 'தி லான்மோவர் மேன்' இரண்டாம் பாகத்தைப் போன வாரம் பார்த்துத் தொலைத்தேன். 1996இல் வந்த படம், இத்தனை வருஷம் கழித்து. "அதைப் பார்க்காதே, முதல் படத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்" என்று நீ அப்போதே சொன்னாய். கேட்டிருக்கலாம்.

முதல் படத்தைப் பார்த்த ராத்திரி நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில், இரவல் கேசட், திரையின் கீழ்ப்பக்கம் முழுக்கக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. நீ விசிஆர் முன்னால் மண்டிபோட்டு அந்தச் சின்னத் திருகாணியைத் திருப்பிக்கொண்டே பாதிப் படம் பார்த்தாய். கடைசியில் உலகத்தில் இருக்கிற எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடிக்கும், படம் முடியும். யாரும் பேசவில்லை. நீ எழுந்து போய் ஹாலில் இருந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாய். டயல் டோன் வந்தது, எனக்கே கேட்டது. வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். என்னடா என்றதற்கு "சும்மா" என்றாய்.

அந்தச் "சும்மா"வை இரண்டாம் பாகம் எடுத்தவர்கள் யாருமே கேட்கவில்லை, அதுதான் என் புகார்.

முதல் படம் பெரிய காவியம் என்று சொல்ல வரவில்லை. 1992 படம், கிராபிக்ஸ் இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, பியர்ஸ் பிராஸ்னன் சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு விஞ்ஞானி வேஷம் போடுகிறார். ஸ்டீபன் கிங்கின் சிறுகதை என்று பெயர்தான், கதைக்கும் படத்துக்கும் இருந்த உறவு புல்வெட்டியைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இல்லை, மனுஷர் கோர்ட்டுக்குப் போய்த் தன் பெயரையே எடுக்கவைத்தார். ஆனால் அதில் ஒரு ஆள் இருந்தான். புல் வெட்டுகிற ஜோப், வைக்கோல் தலை, யார் அடித்தாலும் வாங்கிக்கொள்கிற பிள்ளைமனசு. கண்ணில் மாட்டினால் வேறு உலகத்துக்குள் இருப்பதுபோலக் காட்டும் மெய்நிகர் (வி.ஆர்.) கருவியாலும் மருந்தாலும் அவன் மூளையைக் கூர்மைப்படுத்துகிறார்கள். லத்தீன் மொழியை இரண்டே மணி நேரத்தில் படித்துவிடுகிறான். அதற்கப்புறம் ஜெஃப் ஃபாஹேயின் கண்ணைக் கவனித்திருக்கிறாயா? அறிவு ஏற ஏற அந்தக் கண்ணில் இருந்த பயம் போய்க்கொண்டே இருக்கும், கூடவே இரக்கமும். அவனோடு பழகிய அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மெய்நிகர் உலகத்துக்குள் போவானே, ஆசையாகத் தொடங்கி அவள் புத்தி பேதலித்து முடியுமே, அதைப் பார்த்துவிட்டு நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடைசியில் அவன் என்ன செய்கிறான்? உடம்பை விட்டுவிட்டுப் போகிறான். கம்ப்யூட்டருக்குள் முழுதாகப் போனபின் அந்த இரும்பு வளையத்தில் தொங்குவது சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி வற்றிய கூடு. அப்புறம் கட்டடமே வெடித்துச் சிதறுகிறது. கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகும் எல்லா வழியும் பூட்டியிருக்க, ஒரு பின்வாசல் மட்டும் திறந்திருக்கிறது, போன் அடிக்கிறது. தான் பிறந்ததும் போடும் முதல் அழுகை உலகத்துத் தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும் சத்தமாக இருக்கும் என்று அவன் முன்பே சொல்லியிருப்பான். பிறந்துவிட்டான் என்று நமக்குத் தெரியும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அதனால்தானே நீ ரிசீவரை எடுத்தாய்.

இப்போது இரண்டாம் பாகம் எப்படி ஆரம்பிக்கிறது கேள். இடிபாட்டுக்குள் இருந்து ஜோப்பின் உடம்பை வெளியே இழுக்கிறார்கள். அந்தக் கூட்டைத்தான்! கால் போய்விட்டதாம், முகத்தை ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார்களாம் (நடிகர் மாறியதற்கு இதைவிட மலிவான சாக்கு கிடையாது), உயிரோடு இருக்கிறானாம். எங்கும் நிறைந்தவன் என்று நாம் நடுங்கிக்கொண்டிருந்த ஆளை ஒரு பெரிய கம்பெனியில் சம்பளம் இல்லாத வேலைக்காரனாக உட்கார வைத்துவிட்டார்கள். அவனுக்கு இப்போது ஒரு கம்ப்யூட்டர் சில்லு வேண்டும், அது கிடைத்தால் உலகத்து வலையமைப்பு எல்லாம் கைக்குள் வரும். ஏற்கெனவே எல்லாப் போனையும் அடித்தவனுக்கு எதற்குடா சில்லு? நான் டிவியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பழைய படத்தில் வந்த பையன் பீட்டர் இதிலும் வருகிறான், அதே ஆஸ்டின் ஓபிரையன், நான்கு வயது கூடியிருக்கிறது. அவனுக்கு நான்கு வயது, ஊருக்கு நாற்பது வயது போல. அவன் ஒரு பழைய சுரங்க ரயிலில் குடியிருக்கிறான், வெளியே பார்த்தால் மழையும் நியானும் உயரக் கட்டடமுமாக வேறு ஏதோ நூற்றாண்டு. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரி வசனம்கூட இல்லை. ஊரை விட்டு ஒதுங்கி வாழும் ஒரு பழைய விஞ்ஞானியைத் தேடிப் போகிறார்கள், பாட்ரிக் பெர்கின், முனிவர் மாதிரி வருகிறார். நல்ல நடிகர்தான், இதில் அவருக்கே எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

ஜோப்பாக நடித்த மேட் ஃப்ரூவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மேக்ஸ் ஹெட்ரூம் ஞாபகம் இருக்கிறதா, 1985இல் பிரிட்டிஷ் டிவியில் வந்த திக்கித் திக்கிப் பேசும் கம்ப்யூட்டர் தலை? அது கம்ப்யூட்டர் செய்ததே இல்லை, ஃப்ரூவர் முகத்தில் ரப்பரை ஒட்டி, விறைப்பான கோட்டை மாட்டி, பின்னால் கோடுகளை ஓடவிட்டு எடுத்தது. எத்தனை பேர் நிஜமாகவே கம்ப்யூட்டர் என்று நம்பினார்கள்! வெறும் ரப்பரை வைத்துக்கொண்டு இயந்திரமாகத் தெரிந்த மனுஷன், பத்து வருஷம் கழித்து நிஜக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸுக்கு நடுவில் நின்றுகொண்டு கார்ட்டூன் வில்லன் மாதிரிச் சிரிக்கிறார். எனக்குப் பாவமாக இருந்தது.

நேரமும் சரியில்லை என்று சொல்ல வேண்டும். 1995 நவம்பரில் 'டாய் ஸ்டோரி' வந்துவிட்டது, படம் முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. இது 1996 ஜனவரி. இரண்டு மாதத்துக்குள் இந்த வழவழப் பொம்மையைக் காட்டி வாயைப் பிள என்றால் யார் பிளப்பார்கள்? முதல் படம் அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, இது 24 லட்சத்தோடு சுருண்டுவிட்டது. அந்த ஒற்றைச் சில்லு யோசனையை மட்டும் முழு முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்துவிட்டு, அது யார் கையில் இருக்கிறது என்று அப்புறம் கவலைப்படுவது, அதற்கு நாமே சாட்சியாகிவிட்டோம். ஆனால் படத்துக்கு அதில் அக்கறை இல்லை, சீக்கிரம் சண்டைக்குப் போக வேண்டும்.

இந்தப் படத்தைத் தேடிப் பார்க்கவே காரணம், மகள் வாங்கி வைத்திருக்கும் வி.ஆர். ஹெட்செட். அப்பா, போட்டுப் பாருங்கள் என்றாள். போட்டேன். மலை உச்சியில் ஒரு பலகை, அதன்மேல் நடக்க வேண்டும். கீழே கார்ப்பெட் இருக்கிறது, காலில் தட்டுப்படுகிறது, ஆனாலும் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது! நான்கு நிமிஷம் தாங்கினேன். அப்புறம் குமட்டல், சோபாவில் படுத்துவிட்டேன், அவள் எலுமிச்சை வாசனையைக் காட்டினாள். தலை திரும்பியதும் படமும் கூடவே திரும்ப வேண்டுமாம், 20 மில்லிசெகண்டுக்குமேல் தாமதித்தால் உடம்பு கண்டுபிடித்துவிடுமாம். கண் 'நகர்கிறாய்' என்கிறது, காதுக்குள் இருக்கும் திரவம் 'இல்லையே' என்கிறது, நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. படுத்துக்கொண்டு ஜோப்பைத்தான் நினைத்தேன். உள்ளே போவது சுலபம், உடம்பை விட்டுவிட்டுப் போவதுதான் கஷ்டம் என்று முதல் படத்துக்குத் தெரிந்திருந்தது. தலைவலி, கடைசியில் அந்தக் கூடு, விலை என்ன என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவதில் பிள்ளைகள் கண்ணாடியை மாட்டுகிறார்கள், பறக்கிறார்கள், கழற்றுகிறார்கள். ஒருத்தனுக்காவது வாந்தி வர வேண்டாமா?

முதல் படத்துக்கு இயக்குநரின் நீண்ட பதிப்பு ஒன்று இருக்கிறது, இரண்டேகால் மணி நேரத்துக்குமேல், ஆரம்பத்தில், ஜோப்புக்கு முன்னால் சோதனைக்கு வைத்திருந்த அந்தச் சிம்பன்சி தப்பித்துப் போகும் பகுதி நிறைய வருகிறது. கிடைத்தால் எடுத்து வைக்கிறேன், நீ வரும்போது பார்க்கலாம். கோடு விழாது, நீ மண்டிபோட வேண்டியதில்லை, உன் முழங்காலுக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். போன தடவை மாதிரி அடிக்கவிட்டுவிட்டு மறுநாள் "பார்த்தேன், எடுக்கவில்லை" என்று சொல்லாதே.

அன்புடன்,
உன் கேசட் கூட்டாளி