மாரிமழைக்கு முன் வீதி இடர் முன்னேற்பாட்டுத் திட்டம் வகுக்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

ஐப்பசி நெருங்குகிறது. எமது மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. 2008இல் நிஷா புயல், 2020இல் புரெவி புயல், 2024 நவம்பர் வெள்ளம், 2025இல் டித்வா புயல் என எல்லாம் இந்த மாரியை ஒட்டியே வந்தன. எப்போது வரும் என்று தெரிந்த இடருக்கு, வந்த பிறகு அவசரக் கூட்டம் கூட்டுவது போதாது. மழைக்கு முன்பே வீதிகளுக்கான திட்டமொன்றை, இன்ன வேலைக்கு இன்ன அதிகாரி பொறுப்பு என்று எழுத்தில் வகுத்துத் தருமாறு வேண்டுகிறோம்.

எமது அன்றாட வழியான பருத்தித்துறை வீதியையே எடுத்துக்கொள்ளுங்கள். வல்லை வெளியில் நீரேரி பெருகி வீதியைத் தொடும் நாட்களில் தார் எங்கே முடிகிறது என்று காட்ட ஓர் அடையாளமும் இல்லை. 750ஆம் இலக்க பஸ் சாரதியும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் பிள்ளையும் மின்கம்பங்களின் வரிசையைப் பார்த்தே வீதியை ஊகிக்கிறார்கள். இரவானால் கட்டாக்காலி மாடுகள் ஈரமில்லாத மேடு தேடி நடுவீதியில் படுத்துவிடுகின்றன. எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் மழையில் சிதறும்போது, கறுத்த மாடு மிக அருகில் வரும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. மந்திகை ஆதார வைத்தியசாலையிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு நோயாளரை ஏற்றிவரும் அம்புலன்ஸும் இதே வீதியை நம்பியிருக்கிறது.

வேகமாக ஓடும் நீர் அரை அடி உயர்ந்தாலே ஆள் நிலைதடுமாறலாம். ஓரடியில் சிறிய கார் அடித்துச் செல்லப்படலாம். ஆகவே எத்தனை அங்குலத்தில் மோட்டார் சைக்கிள்களை மறிப்பது, எப்போது வீதியையே மூடுவது, அந்த உத்தரவை யார் இடுவது என்பன இப்போதே முடிவாக வேண்டும். மூடினால் போக்குவரத்து தொண்டைமானாறு - அச்சுவேலி வழியிலா, கொடிகாமம் வழியிலா என்பதும் முடிவாக வேண்டும். தொண்டைமானாறு தடுப்பணைக் கதவுகள் திறக்கப்படுவது வல்லையின் நீர்மட்டத்தோடு தொடர்புடையது என்பதால், நீர்ப்பாசனப் பொறியியலாளர் இல்லாமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது.

எம்மை மிகவும் வாட்டுவது பொறுப்புச் சிதறிக் கிடப்பதுதான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடமும், ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைகளிடமும் இருக்கின்றன. வெள்ளமோ ஒருவர் வாய்க்காலால் வந்து இன்னொருவர் மதகில் விழுகிறது. எங்கள் பகுதி மதகொன்றின் வாயில் தென்னோலை மட்டையும் பிளாஸ்டிக் போத்தல்களும் பாத்தீனியச் செடியும் இறுகிக் கிடந்தன; அதற்கு மேலே யாரோ படலைக்காகப் போட்ட கொங்கிறீற்றுத் தட்டு. முறையிடப் போனவர்களை ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அலைந்து முடிவதற்குள் மழை வீதியோரத்தை அரித்துவிட்டது.

தேங்கும் நீர் தாரின் வெடிப்புகளால் இறங்கி அடித்தளத்தை இளக்குகிறது. பாரவாகனம் ஏறியதும் அங்கே குழி விழுகிறது. அதில் மழை நடுவே கொட்டும் கிரவல் சேறாகிவிடும். ஈரத்தில் சூடான தார்க்கலவையும் பிடிக்காது. வெடிப்பு அடைப்பதும் மதகு துப்புரவும் மழைக்கு முந்திய வேலைகள். மாரிக்குள் விழும் குழிகளுக்கு, சூடாக்காமல் ஈரத்திலும் இடக்கூடிய தார்க்கலவையான குளிர்கலவையைப் பைகளில் முன்கூட்டியே சேமித்து வைக்கலாம்.

எமது உறவினர் வாழும் கனடாவில் பனி விழும் முன்பே உப்பும் பனி வழிக்கும் வாகனங்களும் தயாராகிவிடுகின்றன. எந்த வீதியை முதலில் துப்புரவாக்குவது என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் 511ஐ அழைத்தால் நெடுஞ்சாலை நிலைமை தெரியும். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்கும் எந்த வீதி மூடப்படும், மாற்றுவழி எது என்று முன்னரே அறிவித்து நடத்துபவர்கள் நாங்கள்தானே? அதே ஒழுங்கு மாரிக்கும் வேண்டும்.

எனவே செப்டெம்பர் முடிவதற்குள் மேற்கூறிய நிறுவனங்களையும் பொலிஸாரையும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவையும் ஒரே கூட்டத்துக்கு அழைக்குமாறு வேண்டுகிறோம். வல்லை, பண்ணை, பொன்னாலை, கோப்பாய் - கைதடி ஆகிய நீர்சூழ் வீதிகளில் ஆழம் காட்டும் கம்பங்களும் ஒளிதெறிப்புக் கட்டைகளும் முதலில் நடப்பட வேண்டும். வீதி மூடப்படும் செய்தி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைப்பவருக்கும் பஸ் டிப்போவுக்கும் உடனே கிடைக்க வேண்டும். இரவு மழையில் மதகு திறக்க இறங்கும் தொழிலாளருக்கு ஒளிரும் மேலங்கியும், வாகனங்களை மறித்து நிற்க ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கட்டாயம் வேண்டும். அவர்களின் உயிரும் இத்திட்டத்துக்குள் அடங்க வேண்டும். மாடுகளை இரவில் வீதியில் விடும் உரிமையாளர் மீது பிரதேச சபைகள் இப்போதிருந்தே நடவடிக்கை எடுக்கட்டும்.

கூட்டத் திகதியை அறியத் தந்தால், வடமராட்சியிலும் வலிகாமத்திலும் நீர் தேங்கும் இடங்களையும் அடைபட்ட மதகுகளையும் குறித்த வரைபடத்துடன் எமது பிரதிநிதிகள் வருவார்கள்.

இங்ஙனம்,
பருத்தித்துறை வீதியை அன்றாடம் பயன்படுத்தும் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)