முன்னுரை கேட்ட தம்பிக்கு

தம்பி,

உன் நாவலுக்கு முன்னுரை எழுதுவதில்லை என்று முடிவுசெய்துவிட்டேன். இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு மன்னித்துக்கொள். நீ அந்த போலீஸ் ஸ்டேஷன் அத்தியாயத்தைத் தூக்காமல் இருந்திருந்தால் இழுத்திருக்கவும் மாட்டேன்.

புருஷனை விட்டுத் தப்பிப்போக, ராத்திரி 2 மணிக்கு உன் கதாநாயகி பீரோவைத் திறக்கிற இடம் மனசை விட்டுப் போகவே இல்லை. கீல் கிறீச்சிடாமல் இருக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திறப்பாளே, அதை எழுதிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அப்புறம் என்ன செய்தாய்? 40 பவுனை அள்ளவைத்து, புருஷன் பேரில் வாங்கிய சிம்மோடு பஸ் ஏற்றிவிட்டாய். பையில் ஒரு காகிதம் இல்லை. ஆதார், பாஸ்புக், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பத்தில் நகை தெரிகிற நாலு படம். இவைதான் முதலில் பைக்குள் போக வேண்டும். ஸ்ரீதனம், அதாவது கல்யாணத்தில் பெண்ணுக்கென்று தந்த நகையும் பொருளும், மனைவியின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அவன் திருட்டுப் புகார் கொடுத்தால், தன் நகை எது என்று காட்ட அவளிடம் ஏதாவது இருக்க வேண்டுமே!

கூகுள் கணக்கை அவன்தான் தொடங்கிக் கொடுத்தான் என்று மூன்றாம் அத்தியாயத்தில் நீயே எழுதியிருக்கிறாய். கடவுச்சொல்லை மாற்றாமல் புதுப் போனில் அதே கணக்கில் நுழைந்தால், அவன் சோபாவில் உட்கார்ந்தபடியே அவளைத் தேடிப் பிடிப்பான்.

அவன் துரத்தவெல்லாம் வேண்டாம். விடிந்ததும் 'மனைவியைக் காணவில்லை' என்று எழுதிக்கொடுத்தால் போதும், தேடுகிற வேலையை போலீஸ் பார்க்கும். அவள் முந்திக்கொண்டு, 'என் விருப்பத்தில்தான் வந்தேன்' என்று ஸ்டேஷனுக்கும் எஸ்.பி.க்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். மேஜரான பெண்ணைப் புருஷனோடு கட்டாயமாக அனுப்ப அதிகாரம் கிடையாது. ஆனால் "சமாதானமாப் போம்மா" என்று சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காரவைப்பார்கள். உன் கதையின் திகிலே அந்த பெஞ்சில்தான் இருந்தது. "வாசகன் தூங்கிடுவான்க்கா" என்றாய். ஆம்பளை வாசகன் தூங்கட்டுமே, உனக்கென்ன?

கடைசியில் ஆற்றங்கரையில் செருப்பை விட்டுவிட்டுச் செத்தவளாகிறாள். 7 வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். செத்தவள் பிள்ளையைக் கேட்டு எப்படி மனுப் போடுவாள்? உயிரோடிருந்தால், தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் மாஜிஸ்திரேட்டிடமே 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் போடலாம். 23-இல் இடைக்கால உத்தரவு கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை. முதல் விசாரணை பொதுவாக 3 நாளுக்குள் என்கிறது சட்டம். நோட்டீஸை அவன் வாங்காமல் வாய்தா மேல் வாய்தா போவதுதான் நடப்பு. அதை எழுது.

நாலு பேர் படிக்கிற இடம் இது. எந்தக் கேஸ் கட்டிலிருந்து அவளை எடுத்தாய் என்று சொல்லமாட்டேன். ஊர்ப் பெயரை மாற்றியது மட்டும் போதாது, அவன் தொழிலையும் மாற்று.

திருத்தி அனுப்பு. பின்னட்டைக்கு வேண்டுமானால் நாலு வரி தருகிறேன்.

அக்கா